பழைய நூலகமும் புதிய செயலியும்

(சங்கத்தின் வெள்ளவத்தைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணனி பற்றிப் பேசவேண்டும் என்று காரியதரிசி அவர்கள் கேட்டபோது, கொட்டாஞ்சேனையிலிருந்து சிரமப்பட்டு வரும் பெரியவர்களுக்கு இதில் என்ன சுவை இருக்கும் என்று தயங்கினேன். ஆயினும் களனிவெளிப் புகையிரதத்தை அறியாதவர் இங்கே இருக்கமாட்டார். இரண்டரை அடி அகலத்தில் ஓடிய அந்தப் பாதை 1990களில் அவிசாவளை வரை ஐந்தரை அடியாக அகலப்படுத்தப்பட்டது. பாதை மாறியது, பழைய பெட்டிகள் அதில் ஓடுமா? ஓடா. கணனியில் செயலி மாறும்போது நேர்வதும் அதுவே.

செயலி என்பது கணனிக்குள் இருக்கும் கணக்கப்பிள்ளை. அவருக்கு விளங்கும் கட்டளைகள் இவ்வளவு என்று ஒரு தொகுதி உண்டு. மேசைக் கணனிகளில் நெடுங்காலம் இன்ரெல் வழிவந்த எக்ஸ்86 தொகுதி ஆட்சி செய்தது. கைத்தொலைபேசிகளில் ஆர்ம். 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் தன் மடிக்கணனிகளையும் ஆர்முக்கு மாற்றத் தொடங்கியது. பழைய நிரல்களை மொழிபெயர்த்து ஓட்ட 'ரொசெற்றா' என்ற துபாஷியையும் உடன் வைத்தது. துபாஷியை நம்பி எத்தனை காலம் குடித்தனம் நடத்துவது? நூலகங்களையே திருத்தத்தான் வேண்டும். நூலகம் என்றால் வாசிகசாலை அன்று; பல நிரல்கள் பொதுவாக எடுத்தாளும் ஆயத்தப் பகுதிகளின் தொகுப்பு.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பற்றுச்சீட்டு அச்சிடும் நூலகம் ஒன்றை ஆர்ம் கணனிக்கு மாற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. சி மொழியில் எழுதியது. ஒரு பிழையுமின்றித் தொகுபட்டது; ஆங்கிலப் பரிசோதனைகள் யாவும் சித்தி. மகிழ்ச்சியோடு வீடு சென்றேன். மறுநாள் தமிழ்ப் பெயர்கள் அறுந்து வந்தன. குமாரசாமி என்று இடவேண்டிய இடத்தில் 'குமாரச' என்று நின்று, பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம்!

காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் சென்றது. யுனிக்கோடின் யூ.ரி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்று பிடிக்கும். முதலாவதன் மதிப்பு 224. எக்ஸ்86 லினக்ஸில் சி மொழியின் 'சார்' என்னும் வகை கழித்தல் எண்ணையும் ஏற்பதாதலால், 224 அங்கே கழித்தல் 32 ஆகத் தோன்றும். "கழித்தல் வந்தால் தமிழ்; மூன்றையும் ஒன்றாக எண்ணு" என்று நிரலில் ஒரு வரி இருந்தது. ஆர்ம் லினக்ஸிலோ அதே வகைக்குக் கழித்தலே கிடையாது. ஆகவே ஒன்பது குறியுள்ள பெயர் இருபத்தேழாக எண்ணப்பட்டு, இருபதோடு வெட்டுண்டது. ஆங்கில எழுத்துக்கள் 127க்கு மேற்போவதில்லை. அவற்றுக்கு ஒரு கீறலும் விழவில்லை. அந்த வரியை முன்னாளில் எழுதியவன் வேறு யாருமல்லன், நானே.

தொகுப்பிக்கு ஒரு சொல் சொல்லிப் பழைய வழக்கையே தொடரச் செய்யலாம். அது தற்காலச் சிகிச்சை. கழித்தல் உண்டா இல்லையா என்பதை நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவிட்டேன். இனி எந்தச் செயலியிலும் பெயர் அறாது.

வேறு சிக்கல்களும் உண்டு. படங்களை விரைவாகக் கையாள எஸ்.எஸ்.ஈ. கட்டளைகளில் எழுதியவை ஆர்மில் நியோன் கட்டளைகளாக மாறவேண்டும். இரண்டு வேலைகள் ஒரே நினைவகத்தைத் தொடும்போது, எக்ஸ்86 பேணும் ஒழுங்கை ஆர்ம் அப்படியே பேணாது. இந்தப் பிழை ஆயிரத்தில் ஒரு தடவைதான் தலைகாட்டும், அதுவும் நாம் பார்க்காத வேளையில்.

இப்போது மூன்றாவதொன்றும் வந்திருக்கிறது. 2010இல் கலிபோர்னியாவின் பேர்க்லி சர்வகலாசாலையில் தொடங்கிய றிஸ்க்-ஐந்து, எவரும் அனுமதிப் பணமின்றி எடுத்தாளக்கூடிய கட்டளைத் தொகுதி. சென்னை ஐ.ஐ.ரி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் அதைக்கொண்டு 'சக்தி' செயலிகளை ஆக்கினர். 2018இல் அவற்றுள் ஒன்று லினக்ஸையே ஓட்டியது. டெபியன் லினக்ஸும் 2025 ஓகஸ்டில் வெளிவந்த பதின்மூன்றாம் பதிப்பில் இத்தொகுதியை உத்தியோகபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. அங்கும் 'சார்' கழித்தலை ஏற்காது. என்னைப்போல் எழுதிவைத்தவர்களின் நிரல்கள் அங்கேயும் தமிழை வெட்டும்; ஆங்கிலத்தை மட்டும் பரிசோதிப்பவருக்கு அது தெரியவும் மாட்டாது.

இதற்குப் புதுக் கணனி வாங்கவேண்டியதில்லை. கியூ-எமு என்ற இலவச நிரல், சாதாரண மடிக்கணனியிலேயே றிஸ்க்-ஐந்தைப் பாவனை செய்து காட்டும். அதை இன்று கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் இளைஞர்கள் தத்தம் பெயரைத் தமிழில் தட்டிப் பார்க்கலாம். பழைய நூலகத்தையும் திருத்தாமல் வைத்திருக்கிறேன். யாருடைய பெயர் எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்போம்.