புகார் சொன்ன பிள்ளைக்குத் துணையாக நிற்போம்

(அணித் தோழர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னைக்கு ட்ரெண்டிங் பத்திப் பேசப் போறதில்ல. நம்ம வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல படுற கொடுமையைப் பத்திப் பேசணும்.

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டீங்க. 2023 ஆகஸ்ட். பிளஸ் டூ படிச்ச பட்டியலினத்துப் பையன். கூடப் படிச்ச பசங்க தொடர்ந்து கொடுமைப்படுத்துனதால பள்ளிக்குப் போறதையே நிறுத்தினான். பள்ளியில விசாரிச்சாங்க, அவனும் சொன்னான். அதுக்கப்புறம்தான் ராத்திரி வீடு புகுந்து அரிவாளால வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அடுத்த வருஷம் அந்தப் பையன் 600-க்கு 469 மார்க் எடுத்தான். நாம எல்லாரும் பெருமையா ஷேர் பண்ணோம். சரி. ஆனா அவன் வாயைத் திறந்து சொன்ன அன்னைக்கு அவன் பக்கத்துல யார் இருந்தாங்க?

"பயப்படாம சொல்லு கண்ணு"ன்னு பிள்ளைகிட்ட சொல்றது ரொம்ப சுலபம். சொன்ன பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்குது. அதனால புகார் கொடுக்கப் போகும்போதே தலைமை ஆசிரியர்கிட்ட கேளுங்க: இன்னைக்குச் சாயங்காலம் என் பிள்ளை யாரோட வீட்டுக்கு வருவான்? நாளைக்கு வகுப்புல எங்க உக்காருவான்? புகாரை எழுத்துல, தேதி போட்டு, ரெண்டு பிரதி கொடுங்க. ஒண்ணுல கையெழுத்து வாங்கிக்கோங்க. ரெண்டு பேரையும் எதிரெதிரே நிக்க வச்சு "கை குடுத்துக்கோங்கப்பா"ன்னு முடிக்கிற பஞ்சாயத்துக்கு ஒத்துக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி போய்ப் பாருங்க.

பிள்ளை தானா சொல்லாது. "ஸ்கூல் எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் பதில் வரும். "யார் கூட உக்காந்து சாப்பிட்ட?"ன்னு கேட்டுப் பாருங்க. திங்கட்கிழமை காலையில மட்டும் வர்ற வயித்து வலி, அடிக்கடி தொலையுற பேனா, பள்ளிக் கழிவறைக்குப் போகாம வீடு வரைக்கும் அடக்கிக்கிட்டு ஓடி வர்றது, இதையெல்லாம் கவனிங்க. அந்த நேரத்துல "நீ என்ன பண்ண?"ன்னும் கேக்காதீங்க, "திருப்பி அடிச்சுட்டு வா"ன்னும் சொல்லாதீங்க.

"சும்மா கலாய்ச்சோம்"னு சொல்வாங்க. கலாய்க்கிறதுன்னா ரெண்டு பக்கமும் சிரிக்கணும், அவனும் பதிலுக்குக் கலாய்க்க முடியணும். ஒருத்தன் மட்டும் தலை குனிஞ்சு நிக்கிறான்னா அது கலாய் இல்ல.

இப்போ நம்ம பக்கம் வர்றேன், கோவிச்சுக்காதீங்க. எதிர்க்கட்சிக்காரரோட நிறத்தையும் பல்லையும் உடம்பையும் வச்சு மீம் போடுறோம். வீட்டுப் பிள்ளை அதைப் பாத்துச் சிரிச்சுட்டு, மறுநாள் அதே வார்த்தையை வகுப்புல ஒருத்தன் மேல பிரயோகிக்குது. கொள்கையை விமர்சிங்க, எவ்வளவு வேணாலும். சாதிப் பெருமை ஸ்டேட்டஸும் அப்படித்தான். நாங்குநேரிக்குப் பிறகு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையில கையில கட்டுற கலர் கயிறு வரைக்கும் பேசியிருக்கு. மாமன் மச்சான் போன்ல இருக்கிற கலர்தானே பையன் கைக்கு வருது?

இன்னொண்ணு, இதுதான் ரொம்ப முக்கியம். அடிச்ச பையன் நம்ம நிர்வாகி வீட்டுப் பையனா இருந்தா பள்ளிக்கு ஒரு போன் போகும். "சின்னப் பசங்க, விட்டுடுங்க சார்". அந்தப் போனை நீங்க பண்ணாதீங்க, பண்ணச் சொன்னாலும் மறுத்துடுங்க. அடிச்ச பையனுக்கும் ஆலோசனை தேவை, கண்டிப்பும் தேவை. கட்சி கரைவேட்டி மறைப்பு தேவையில்ல.

செய்தி கிடைச்ச உடனே பாதிக்கப்பட்ட பிள்ளையோட போட்டோ, பேரு, பள்ளிப் பேருன்னு பதிவு போடுறதும் வேண்டாம். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அதைத் தடை செய்யுது. அடிச்ச சிறுவனுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. லைக் வரும்னு தெரியும், இருந்தாலும் வேண்டாம்.

அவசரம்னா 1098. பள்ளி சம்பந்தமான உதவிக்கு 14417. மனசு உடைஞ்சு பேசுற பிள்ளைக்கு டெலி மானஸ் 14416. மூணையும் இப்பவே போன்ல சேமிச்சுடுங்க.

உங்க ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்து எப்போ நடக்குதுன்னு விசாரிங்க. உறுப்பினரா இருக்கிற நம்ம அக்காமார்கள் அங்க போய்க் கேளுங்க: 'மாணவர் மனசு' பெட்டி எங்க இருக்கு? யார் திறக்குறாங்க? கடைசியா எப்போ திறந்தாங்க? தலைமை ஆசிரியர் அறை வாசல்ல, எல்லார் கண்ணு முன்னாடி இருந்தா எந்தப் பிள்ளையும் சீட்டு போடாது. இடத்தை மாத்தச் சொல்லுங்க. என்ன பதில் சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, பள்ளிப் பேர் இல்லாம.



– தகவல் தொழில்நுட்ப அணி