மணலுக்கு அடியில் தடயம்: இளையோருக்கான காலப்பயண மர்ம நாவல்

பதின்பருவ வாசகருக்கான காலப்பயண மர்ம நாவல் மூன்று பழைய மரபுகளின் கூட்டில் பிறந்தது. காலத்தைத் தாண்டிச் செல்லும் கதை ஒன்று. துப்பறியும் கதை மற்றொன்று. வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளை ஆபத்துகளைக் கடந்து, வளர்ந்து திரும்பும் சாகசக் கதை மூன்றாவது. எழுதப் புகுவோரில் பெரும்பாலோர் கால இயந்திரத்தில்தான் கவனத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் நிலைத்து நின்ற நூல்களைப் பார்த்தால், அவற்றைத் தாங்கி நிற்பது தடயம் என்பது தெரிகிறது. ஒரு காலத்தில் விட்டுவைத்த பொருளோ எழுத்தோ வடுவோ இன்னொரு காலத்தில் ஒருவர் கையில் கிடைக்கிறது; கதை அங்கேதான் தொடங்குகிறது. கொள்ளேகாலில் தொடங்கும் இக்கருத்தரங்கின் விவாதங்களுக்கு இந்தத் தடயமே அச்சாக அமையத் தக்கது.

காலம் இடத்துக்கு இடம் வேறுபட்டு ஓடும் என்ற எண்ணம் இந்தியக் கதைமரபுக்குப் புதிதன்று. மகள் ரேவதிக்கு மணமகன் யார் என்று கேட்கப் பிரம்மலோகம் சென்ற ககுத்மி மன்னன், அங்கே நடந்த இசை முடியும்வரை காத்திருந்தான். அதற்குள் பூமியில் இருபத்தேழு சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன என்று பாகவதம் சொல்கிறது. அவன் மனத்தில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் பேரன்மாரும்கூட மறைந்துபோயிருந்தார்கள். முசுகுந்தன் குகையில் யுகக்கணக்கில் உறங்கி எழுந்ததும் இதே வகைக் கதை. இவை எல்லாம் முன்னோக்கிய பயணங்கள். 1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் கோட்பாடு இந்தத் திசையை அனுமதிக்கிறது. 1971இல் அணுக்கடிகாரங்களை விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றவிட்டுப் பார்த்தபோது, நொடியின் மிக நுண்ணிய கூறுகளில் அந்த வேறுபாடு அளக்கப்பட்டது. பின்னோக்கிச் செல்வதும், சென்று நடந்ததை விசாரிப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்ற கற்பனை. 1881இல் எட்வர்ட் பேஜ் மிட்செல் பின்னோக்கி ஓடும் கடிகாரம் பற்றிச் சிறுகதை எழுதினார். 1889இல் மார்க் ட்வெயின் தம் காலத்து அமெரிக்கர் ஒருவரை ஆர்தர் மன்னனின் அவைக்கு அனுப்பினார். 1895இல் எச். ஜி. வெல்ஸின் 'தி டைம் மெஷின்' வந்தது. வெல்ஸின் பயணி போன இடமும் எதிர்காலம்தான் என்பதை வாசகர் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கடந்த காலத்துக்கு அழைத்துச் சென்ற முன்னோடி நூல், ஈ. நெஸ்பிட் 1906இல் வெளியிட்ட 'தி ஸ்டோரி ஆஃப் தி ஆம்யுலெட்'. பாதி உடைந்துபோன ஒரு தாயத்தின் மறுபாதியைத் தேடி நான்கு உடன்பிறப்புகள் பழைய எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போகிறார்கள். தேடல், பொருள், காலம் என்ற மூன்றும் அந்த நூலிலேயே ஒன்றுசேர்ந்துவிட்டன.

தடயம் எப்படி வேலை செய்கிறது என்பதை 1958இல் வெளிவந்த ஃபிலிப்பா பியர்ஸின் 'டாம்ஸ் மிட்நைட் கார்டன்' போல் தெளிவாகக் காட்டும் நூல் வேறில்லை. உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் டாம், கூடத்துக் கடிகாரம் பதின்மூன்று மணி அடிக்கும் இரவில் கதவைத் திறக்கிறான். பகலில் அங்கே இல்லாத தோட்டம் விரிகிறது. அதில் ஹாட்டி என்ற சிறுமி. அவள் வாழ்வது விக்டோரியா காலத்தில். இருவரும் உறைந்த ஆற்றில் சறுக்கி விளையாட வேண்டும். டாமிடம் சறுக்குக் காலணி இல்லை. அவன் ஹாட்டியிடம் ஒரு வாக்குறுதி வாங்குகிறான்: அவளுடைய காலணிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகு, அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரிந்த மறைவிடத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு டாம் தன் காலத்தில், தன் படுக்கையறைத் தரைப்பலகையைப் பெயர்த்துப் பார்க்கிறான். காலணிகள் அங்கே இருக்கின்றன, அவள் எழுதிய குறிப்போடு. அடுத்த இரவில் ஒரே ஜோடிக் காலணியை இருவரும் ஒரே ஆற்றில் அணிந்து செல்கிறார்கள். அவளுக்கு அது புதிது. அவனுக்குப் பல பத்தாண்டுகள் பழையது. ஒரு பலகையின் அடியில் காலம் முழுவதையும் நிறுத்திக்காட்டும் இந்த இடத்துக்கு இயந்திரமே தேவைப்படவில்லை. மாடியில் வசிக்கும் மூதாட்டி யார் என்ற மர்மமும் இதே வழியில்தான் அவிழ்கிறது. பாட்டியும் ஒரு காலத்தில் சிறுமியாக இருந்தவர் என்பதைப் பிள்ளைகள் மனத்தில் இவ்வளவு ஆழமாகப் பதித்த புனைகதை அரிது.

2010இல் நியூபெரி பதக்கம் பெற்ற ரெபெக்கா ஸ்டெட்டின் 'வென் யூ ரீச் மீ' தடயத்தை எழுத்தாக மாற்றியது. 1978-79ஆம் ஆண்டுகளின் நியூயார்க்கில் வாழும் மிராண்டாவுக்குச் சிறு காகிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இனி நடக்கப்போவதை அறிந்த ஒருவர் அவற்றை எழுதுகிறார். யார், ஏன் என்பதே நூல் முழுவதும் ஓடும் கேள்வி. விடை தெரிந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினால், ஒவ்வொரு காகிதமும் வேறு பொருள் தருகிறது. இரண்டாவது வாசிப்பைத் தாங்காத மர்ம நாவல் இளையோர் கையில் நெடுநாள் நிற்பதில்லை.

காலப்பயணத்தின் தருக்கம் பற்றி விரிவாகப் பேசத் தேவையில்லை. நடந்ததை மாற்ற முடியாது என்பது ஒரு நிலை. மாற்றலாம், ஆனால் விலை கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு நிலை. மாற்றினால் வேறொரு உலகம் கிளைக்கும் என்பது மூன்றாவது. ரே பிராட்பரியின் 1952ஆம் ஆண்டுச் சிறுகதையில் மிதிபட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி வரலாற்றையே திருப்புகிறது. ஜயந்த் நார்லீகரின் 'தி அட்வென்ச்சர்' கதையில் பேராசிரியர் கங்காதர்பந்த் கைத்தோண்டே, 1761ஆம் ஆண்டு பானிபட் போரில் மராத்தியர் வென்ற வேறோர் உலகில் போய் நிற்கிறார். என்சிஇஆர்டி-யின் பதினோராம் வகுப்புப் பாடநூல் வழியே அது இலட்சக்கணக்கான மாணவர்களைச் சென்றடைந்தது. எந்த நிலையை எடுத்தாலும் நூல் முடியும்வரை அதில் உறுதியாக நிற்க வேண்டும். பாதி வழியில் விதியை மாற்றும் ஆசிரியரை வாசகப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழில் இதன் உறுப்புகள் எல்லாம் தனித்தனியே செழித்திருக்கின்றன. கல்கியின் 'மோகினித் தீவு' கதையில், இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து கப்பலில் தப்பிவரும் ஒருவன் ஆளற்ற தீவில் பழங்காலத்துத் தம்பதியைச் சந்தித்து அவர்கள் வாயாலேயே அவர்கள் கதையைக் கேட்கிறான். புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்' கடல்கொண்ட நகரை நோக்கி ஒருவனைக் கொண்டுசெல்கிறது. 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பழங்கால அரண்மனைகளில் உலவவிட்டது. தமிழ்வாணனின் சங்கர்லாலும் வாண்டுமாமாவின் சாகசக் கதைகளும் துப்பறியும் ஆசையை வளர்த்தன. அறிவியல் புனைவுக்குச் சுஜாதா இருந்தார். ஜெயமோகனின் 'பனிமனிதன்' சிறுவர்மணி இதழில் தொடராக வந்து, இளையோருக்கு முழுநீள நாவல் எழுத முடியும் என்று காட்டியது. ஆனாலும் வரலாறும் துப்பறிதலும் காலப்பயணமும் ஒன்றாகப் பின்னிய இளையோர் நாவல் என்று சுட்டத்தக்கவை குறைவு. வரலாற்று நாவலில் இத்தனை ஈடுபாடு கொண்ட ஒரு மொழியில் இந்தக் குறை வருத்தத்துக்குரியது.

தென்னிந்தியாவில் இந்த வகையின் மிக அருகில் வந்த படைப்பு ஒரு திரைப்படம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 1991இல் வெளிவந்த தெலுங்குப் படம் 'ஆதித்யா 369'. அருங்காட்சியகத்தில் இருக்கும் விஜயநகரக் காலத்து வைரத்தைத் திருடர்கள் கவர்வதை ஒரு சிறுவன் பார்த்துவிடுகிறான். கதை 1526ஆம் ஆண்டின் விஜயநகரத்துக்கும் பிறகு 2504ஆம் ஆண்டுக்கும் போகிறது. இயந்திரத்தை விட அந்த வைரம்தான் நினைவில் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்த கல்லை அதன் சொந்தக் காலத்தில், கிருஷ்ணதேவராயரின் அவையில் காணும்போது ஏற்படும் சிலிர்ப்பே படத்தின் உயிர்.

கொள்ளேகால் வட்டாரம் இத்தகைய தடயங்களால் நிறைந்தது. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு சென்னை மாகாணத்தோடு சேர்ந்த இத்தாலுகா, கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக நெடுங்காலம் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்கு வந்தது. 1973இல் மாநிலத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது கொள்ளேகாலும் அதோடு போயிற்று. ஒரே வீட்டில், ஒரே தறிக்குப் பக்கத்தில் வாழ்ந்த பட்டு நெசவுக் குடும்பம் ஒன்றின் முகவரி இப்படி மூன்று நான்கு முறை மாறியிருக்கும். பாட்டனாரின் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தால், பழைய அரசாணையைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். பிந்தியதைப் பெங்களூரில் தேட வேண்டும். துப்பறியும் பேத்திக்கு இதைவிட நல்ல தொடக்கம் எது?

ஆண்டுப் பெயர்கள் இன்னும் நுட்பமான தடயம். அறுபது ஆண்டுச் சுழற்சி தமிழருக்கும் கன்னடருக்கும் பொது. பழைய பெட்டியில் கிடைத்த ஒரு கடிதத்தில் 'சுபகிருது, ஆனி' என்று மட்டும் எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். அது 1902ஆகவும் இருக்கலாம், 1962ஆகவும் இருக்கலாம், 2022ஆகவும் இருக்கலாம். முதல் சுபகிருதுவின் ஆனியில், 1902 ஜூன் 30 அன்று, கொள்ளேகாலுக்கு அருகிலுள்ள சிவசமுத்திரம் அருவியின் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. பெங்களூருக்கே 1905இல்தான் மின்விளக்கு வந்தது. அருவியின் இரைச்சல் கேட்ட கிராமங்களில் அப்போதும் எண்ணெய் விளக்குதான். அன்று காவிரியைக் கடந்தவர் சென்னை மாகாணத்தை விட்டு மைசூர் சமஸ்தானத்துக்குள் நுழைந்தார். கடிதத்தில் மின்கம்பி பற்றி ஒரு வரி இருந்தால் அதன் காலம் ஒருவாறு நெருங்கிவரும். ஆறு எல்லையாகப் பேசப்பட்டிருந்தால் 1962 விலகிவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. கன்னட வீட்டில் யுகாதியன்றே ஆண்டுப் பெயர் மாறிவிடும். தமிழ் வீட்டில் சித்திரை பிறக்கும்வரை பழைய பெயரே நடக்கும். யுகாதிக்கும் சித்திரைக்கும் இடைப்பட்ட நாட்களில் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒரே நாளை இரண்டு ஆண்டுகளின் பெயரால் குறிக்கும். இதைக் கவனிக்கும் பதினான்கு வயதுப் பெண், பெரியவர்கள் தவறவிட்ட முடிச்சை அவிழ்த்துவிடலாம்.

ஆற்றின் மறுகரையில் தலக்காடு இருக்கிறது. மேலைக் கங்கரின் தலைநகர் அது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் வசமாகி இராஜராஜபுரம் என்று பெயர் பெற்றது. கங்கவாடி முடிகொண்டசோழ மண்டலம் ஆயிற்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழரை வென்று அங்கே கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். இன்று பாதாளேஸ்வரர், மருளேஸ்வரர் கோயில்களுக்கு மணல்மேட்டிலிருந்து படியிறங்கிப் போக வேண்டும். ஊர் மணலில் புதைந்ததற்கு ஒரு சாபத்தைக் காரணமாகச் சொல்வார்கள். 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகளைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அவர் தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளை இல்லாமற் போகட்டும் என்று சபித்து ஆற்றில் குதித்தார் என்பது வழக்கு. மைசூர் அரச குடும்பத்தில் தத்தெடுத்தே வாரிசு வைத்த சந்தர்ப்பங்கள் பல என்பதால் இக்கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. வேளாண் அறிவியலாளரும் கன்னடத்தில் வரலாற்று மர்ம நாவல்கள் எழுதுபவருமான கே. என். கணேஷையா, இதை ஒரு சூழலியல் பேரிடர் என்று விளக்கும் ஆய்வுக் கட்டுரையைக் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். பதினான்காம் நூற்றாண்டில் தலக்காட்டுக்கு மேலே கட்டப்பட்ட அணை நீரோட்டத்தைக் குறைத்தது. ஆற்றுப்படுகை வெளியே தெரிந்தது. காற்று மணலை ஊருக்குள் அள்ளிவந்து குவித்தது என்பது அவ்விளக்கத்தின் சாரம். இங்கே நாவலாசிரியருக்கு இரண்டு மர்மங்கள் கிடைக்கின்றன: நகைகள் எங்கே, மணல் எப்படி வந்தது. சாபத்துக்கு முந்திய தலைமுறையில் போய் நின்று, வீட்டு வாசலில் மணல் அப்போதே ஏறத் தொடங்கியிருந்ததைப் பார்க்கும் ஒரு சிறுவன், வழக்கையும் அறிவியலையும் தன் கண்ணாலேயே ஒப்பிட்டுவிடுவான். அலமேலம்மாவின் துயரத்தை அந்த விளக்கம் சிறிதும் குறைக்காது.

கொள்ளேகால் என்றாலே மாந்திரீகம் என்று எழுதும் பழக்கம் தமிழ் வெகுஜனப் புனைவில் ஊறிக்கிடக்கிறது. மல்பெரித் தோட்டமும் பட்டுத் தறியுமாக உழைக்கும் ஊருக்கு அது நியாயம் செய்வதில்லை. மர்ம நாவலுக்கும் அது கேடு. மந்திரம் எதையும் செய்யும் என்றால் தடயத்துக்கு வேலை இல்லாமற் போகும். வாசகர் யோசிப்பதை நிறுத்திவிடுவார். இவ்வட்டாரத்தார் வணங்கும் மாதேஸ்வரரின் கதையைக் கம்சாளை என்ற தாளக்கருவியோடு இரவு முழுவதும் பாடும் மரபு வேறு. அது நம்பிக்கையும் நினைவும் சேர்ந்தது. அதை மரியாதையோடு நாவலுக்குள் கொண்டுவர வேண்டும்.

எஞ்சியிருப்பது மொழிச் சிக்கல். பதினோராம் நூற்றாண்டுத் தலக்காட்டில் இறங்கும் இன்றைய பிள்ளையிடம் அங்குள்ளவர் தமிழிலோ கன்னடத்திலோ பேசினால், இரண்டுமே அதற்குப் பாதிதான் விளங்கும். பெரும்பாலான நூல்கள் இதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகின்றன. இரண்டு மொழியும் வீட்டில் கேட்டு வளர்ந்த கொள்ளேகால் பிள்ளையை நாயகராக்கினால், இந்தத் தடுமாற்றமே விசாரணையின் பகுதியாகிவிடும்: கல்வெட்டில் ஆட்சியாண்டு எங்கே, கொடுத்தவர் யார், எழுதிய கை எந்த மொழிக்குப் பழகியது என்று ஒவ்வொன்றாகப் படித்துப் போகலாம். அத்தகைய நாவல் தமிழிலும் கன்னடத்திலும் ஒருசேர வெளிவருவது நல்லது. ஆண்டுப் பெயர்கள் இரு மொழியிலும் பொதுவாக இருப்பதால், சுபகிருதுக் கடிதம் போன்ற தடயங்கள் மொழிபெயர்ப்பில் சேதமடையா. பேச்சுவழக்கைப் பெயர்ப்பதுதான் கடினம். இக்கருத்தரங்கின் அமர்வுகளில் கூடுதல் நேரம் அதற்கு ஒதுக்கப்பட வேண்டும்.