மருந்து அடிப்பவருக்கும் சட்டம் இருக்கிறது

(மயிலாப்பூரில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துக்காரி. பத்தாவது வரைக்கும் படித்திருக்கிறேன். எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு, கடன், தொழில் பற்றியெல்லாம் மற்ற அக்காக்கள் நன்றாகப் பேசினாங்க. நான் பேச வந்தது பூச்சிமருந்து அடிக்கிறவங்களைப் பற்றி. கிராமத்து விஷயத்தை மயிலாப்பூரில் வந்து பேசுறாளே என்று நினைக்காதீங்க. நான் இதைக் கற்றுக்கொண்டதே இங்கே பக்கத்தில் தி.நகரில்தான்.

என் வீட்டுக்காரர் ஊரில் நெல்லுக்கும் கத்தரிக்கும் கூலிக்கு மருந்து அடிப்பார். ஊரில் வேலை இல்லாத மாதங்களில் சென்னைக்கு வந்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கரப்பான், கரையான் மருந்து அடிக்கும் ஒரு கம்பெனியில் தினக்கூலிக்குப் போவார். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு என்று நானும் பிள்ளைகளும் அடையாற்றில் என் நாத்தனார் வீட்டில் வந்து தங்கியிருந்தோம். ஒரு நாள் ராத்திரி தி.நகரில் ஒரு கடையின் குடோனில் அவருக்கு வேலை. வியாபாரம் முடிந்த பிறகுதான் செய்ய முடியும். ஷட்டரை இறக்கிவிட்டு, சுவர் ஓரமாகத் துளை போட்டு, கரையான் மருந்து ஊற்றும் வேலை. ஜன்னல் கிடையாது. மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை. கையுறை கிடையாது.

விடியற்காலை நாலு மணிக்கு வந்தார். சட்டை முழுக்க வேர்வை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். கண் மங்கலாகத் தெரியுது என்றார். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கவில்லை என்று நினைத்து நான் மோர் கொடுத்தேன். அறியாமல் செய்தது. என் நாத்தனார்தான், "அண்ணி, இது சாப்பாட்டுக் கோளாறு மாதிரி தெரியல" என்று சொல்லி ஆட்டோ பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சார்? பேரு என்னம்மா?"

"கரையான் மருந்துங்க" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். பேரு?"

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கம்பெனியில் இருந்து இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பேர் இல்லை, சீட்டு இல்லை. சூப்பர்வைசருக்கு எட்டு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. கண் பாப்பா சுருங்கியிருந்ததையும் வேர்வையையும் எச்சிலையும் வைத்து டாக்டர் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் பேர் தெரிந்தால் நல்லது என்றார். நாத்தனார் மகன் தி.நகருக்குப் போய், அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியைக் கிளறி ஒரு காலி கேனை எடுத்து வந்தான். அதில் சீட்டு கிழியாமல் இருந்தது. குளோர்பைரிபாஸ் என்று போட்டிருந்தது. அதே சீட்டில் விஷமுறிவு மருந்து அட்ரோபின் என்றும் இருந்தது. டாக்டர் அதைப் பார்த்து, "இதைத்தான் கேட்டேன்" என்றார்.

ஆறு நாள் கழித்துப் பிழைத்து வந்தார். கம்பெனியில் போய்க் கேட்டதுக்கு, "மருந்து அடிக்கிறவன்தான் கவனமா இருக்கணும்" என்றார்கள். வேலை பார்த்ததுக்குக்கூட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு ஆதாரம் இல்லை. செலவுக்குக் கை கொடுத்தது நம் குழுவின் உள்கடன்தான்.

ஊருக்குத் திரும்பின பிறகு, வேளாண்மை விரிவாக்க மையத்தில் நடந்த ஒரு பயிற்சிக்குக் குழுவில் இருந்து என்னை அனுப்பினாங்க. "மருந்து அடிக்கிறவன்தான் கவனமா இருக்கணும் என்று சட்டத்தில் இருக்கா சார்?" என்று அங்கே அதிகாரியிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

1958-ஆம் வருஷம் கேரளாவிலும் அப்போதைய சென்னை மாநிலத்திலும் சாப்பாட்டுப் பொருளில் பூச்சிமருந்து கலந்து நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கப்பலில் உணவு மூட்டைகளோடு பாரத்தியான் என்ற மருந்தையும் ஏற்றி வந்திருக்கிறார்கள். அது ஒழுகி மூட்டையில் இறங்கியிருக்கிறது. அதை விசாரிக்க நீதிபதி ஷா தலைமையில் ஒரு கமிஷன் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டம். அதன் விதிகள் 1971-இல் வந்தன. அத்தனை உயிர் போன பிறகு வந்த சட்டம் இது. அதில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலில் சீட்டு. ஒவ்வொரு மருந்து டப்பாவிலும் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். கோலத்தில் புள்ளிக்கு நடுவே போடுகிற கட்டம் மாதிரி. அதன் கீழ்ப் பாதியில் நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிக மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த விஷம். பச்சை என்றாலும் அதுவும் விஷம்தான், குடிக்கிற தண்ணீர் இல்லை. குளோர்பைரிபாஸ் மஞ்சள். டப்பாவோடு ஒரு மடித்த தாளும் வரும். எந்தப் பூச்சிக்கு எவ்வளவு, உடம்பில் பட்டால் என்ன அறிகுறி, முதலுதவி என்ன, விஷமுறிவு என்ன என்று அதில் இருக்க வேண்டும். நம் மொழியிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் அந்தக் கட்டம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் மாற்றி ஊற்றினால் இத்தனையும் போய்விடுகிறது.

இரண்டாவது, மருந்து அடிக்கிறவர் உடம்பு. 39-ஆம் விதி பாதுகாப்பு உடையைப் பற்றியது. உடம்பை மூடும் மேலுடை, தலைக்கு மூடி, முன்கையில் பாதி வரைக்கும் வருகிற ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறது. 40-ஆம் விதி மூச்சுக்கான கவசம். கைக்குட்டை அந்தப் பட்டியலில் இல்லை. 37-ஆம் விதிப்படி, மருந்து அடிக்கும் வேலைக்கு ஆளைச் சேர்க்கும் முன்பும், பிறகு வருஷத்துக்கு ஒரு முறையும் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும். பூச்சி ஒழிப்புக் கம்பெனி ஆட்களுக்கும் இது உண்டு. பாதுகாப்பாக வேலை செய்யப் பயிற்சி தர வேண்டியது கம்பெனியின் பொறுப்பு என்று 42-ஆம் விதி சொல்கிறது. என் வீட்டுக்காரருக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. இங்கே தி.நகர், அடையாறு பக்கம் கொசு ஒழிப்பு வேலைக்குப் போகிற அக்காக்கள் யாராவது இருந்தால், கையுறையும் முகக்கவசமும் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, காலி டப்பா. அதை உடைத்து, குடியிருப்பு இல்லாத இடத்தில் புதைக்க வேண்டும். யாரும் திரும்பப் பயன்படுத்தும்படி வெளியே போடக்கூடாது. கழுவின தண்ணீரைக் குளத்திலோ கிணற்று ஓரத்திலோ விடக்கூடாது. அந்தக் கடைக்குப் பின்னால் குப்பையில் கேனைப் போட்டதுகூடத் தப்புத்தான். அந்தத் தப்பால்தான் எங்களுக்குச் சீட்டு கிடைத்தது என்பது வேறு விஷயம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

இவ்வளவு சொல்லும் சட்டத்தில் ஒரு இடைவெளியும் இருக்கிறது. சொந்த வீட்டுக்கோ, வீட்டுத் தோட்டத்துக்கோ, தான் பயிர் செய்யும் நிலத்துக்கோ ஒருவர் மருந்து பயன்படுத்தினால் அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே கேட்க ஆள் இல்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2017-இல் மகாராஷ்டிராவில் யவத்மாள் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த 20 பேருக்கு மேல் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்கள் எல்லாம் சின்ன விவசாயிகளும் கூலி ஆட்களும்தான்.

வீடு என்று சொன்னேன். 2024 நவம்பரில் குன்றத்தூரில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கம்பெனி ஆட்கள் வந்து ஒரு வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பம் ராத்திரி ஏசி போட்டுக் கதவைச் சாத்தித் தூங்கியது. இரண்டு சின்னப் பிள்ளைகள் செத்துப்போனார்கள். நம் குழுக்களில் எத்தனையோ பேர் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடி வீடுகளில் வேலை செய்கிறோம். "நேத்து பெஸ்ட் கண்ட்ரோல் வந்தாங்க, வீட்டைத் துடைச்சு விடு" என்று சொல்வார்கள். துணியை நனைக்கும் முன் என்ன மருந்து, எத்தனை மணி நேரம் ஆச்சு என்று கேளுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, காற்று வந்த பிறகு உள்ளே போங்கள். கேட்பது தப்பில்லை, அந்த வீட்டுக்காரர்களுக்கும் அது நல்லதுதான்.

அரிசி மூட்டைக்கும் எலிக்கும் வைக்கிறார்களே, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, அதைச் சாதாரண ஆட்களுக்கு விற்கவே கூடாது. ஈரக்காற்று பட்டாலே அதில் இருந்து விஷவாயு கிளம்பும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. யாராவது கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இப்போது என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். மருந்து அடிப்பது ஆம்பிளைங்க வேலை என்று நாம் சொல்கிறோம். ஆனால் தண்ணீர் கொண்டுவந்து கலக்கிக் கொடுப்பது யார்? அந்தச் சட்டையைத் துவைப்பது யார்? நான் வெறுங்கையால் குச்சி விட்டுக் கலக்கியிருக்கிறேன். அவர் சட்டையைப் பிள்ளைகளின் யூனிபாரத்தோடு சேர்த்து ஊற வைத்திருக்கிறேன். மீதி மருந்தைச் சமையல்கட்டுப் பரணில், எண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலி கேனைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லோரும் செய்தார்கள், நானும் செய்தேன்.

இப்போது எங்கள் குழுவில் 12 பேரும் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். குழுச் சேமிப்பில் இருந்து கையுறை, கண்ணாடி, மாஸ்க், பூட்ஸ் இரண்டு செட் வாங்கி வைத்திருக்கிறோம். மருந்து அடிக்கப் போகிற வீட்டுக்குக் கொடுத்து, கழுவித் திரும்ப வாங்குகிறோம். உரிமம் உள்ள கடையில், பில்லோடு, சீல் உடைக்காத டப்பாதான் வாங்குவது. டப்பாவைத் திறக்கும் முன் சீட்டைப் போனில் போட்டோ எடுத்துக் குழு வாட்ஸ்அப்பில் போடுவது. மீதி மருந்தைப் பூட்டு போட்ட பெட்டியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது. காற்றுக்கு எதிராக நின்று அடிப்பதில்லை, வாயால் நாசிலை ஊதுவதில்லை, நடுவில் பீடி, வெற்றிலை கிடையாது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குவது. அந்தத் துணியைத் தனியாகத் துவைப்பது.

தலைசுற்றல், வாந்தி, அதிக வேர்வை, எச்சில், மூச்சுத் திணறல் இருந்தால் மோர், பால் என்று கொடுத்து நேரம் போக்காதீங்க. துணியைக் கழற்றி, சோப்பால் உடம்பைக் கழுவி, 108-க்குப் போன் செய்யுங்கள். சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒவ்வொரு குழுவும் இரண்டு பாதுகாப்பு செட் வாங்க, வட்டி குறைவாக ஒரு சின்னக் கடன் கொடுங்கள். மருந்து அடிக்கிற ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, வருஷத்துக்கு ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். பூச்சி ஒழிப்புக் கம்பெனிக்குப் போகிற நம் வீட்டு ஆட்களுக்கு வேலைச் சீட்டு, கையுறை, பயிற்சி மூன்றும் வேண்டும் என்று கூட்டமைப்பு பேரில் ஒரு கடிதம் கொடுங்கள். நான் தனியாகப் போனபோது வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார்கள். நூறு பேர் கையெழுத்தோடு போனால் அப்படி அனுப்ப முடியாது.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் மருந்து அடிக்கத்தான் போகிறார். வேறு வேலை இல்லை. ஆனால் கையுறை இல்லாமல் போவதில்லை, பேர் தெரியாத மருந்தைத் தொடுவதில்லை. ஒரு முறை அப்படித் தொட மறுத்ததால் ஒரு நாள் கூலி போனது. போகட்டும் என்று சொன்னேன். டாக்டர் "பேரு என்னம்மா?" என்று கேட்டபோது வாயடைத்து நின்றேனே, அந்த நிலைமை இங்கே இருக்கும் எந்தச் சகோதரிக்கும் வரக்கூடாது. வீட்டுக்குப் போனதும் பரணில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.