தண்ணிக்கும் ஒரு கணக்கு நோட்டு

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது

பாசனத்துல தண்ணியையும் கரண்டையும் எப்படி மிச்சம் பிடிக்கிறதுன்னு பேசச் சொல்லியிருக்காங்க.

குழுச் சேமிப்புல ஒரு ரூபாய் குறைஞ்சாலும் ராத்திரி உட்கார்ந்து தேடுறவங்க நாம. ஆனா வயலுக்கு எவ்வளவு தண்ணி விட்டீங்கன்னு கேட்டா, "நிறைய விட்டேன்"னுதான் சொல்வோம். ஒரு ஏக்கர்ல 2 அங்குலம் தண்ணி நிக்கணும்னா சுமார் 2 லட்சம் லிட்டர் வேணும். 15 லிட்டர் குடத்துல அளந்தா 13,000 குடத்துக்கு மேல! அதை 200 அடி ஆழத்துல இருந்து தூக்க, துளி கரண்டும் வீணாகாத மோட்டாருக்கே 33 யூனிட் ஆகும். அப்படி ஒரு மோட்டாரை இதுவரைக்கும் யாரும் செய்யல. இழுக்கிற கரண்டுல பாதிதான் தண்ணியைத் தூக்குதுன்னா 66 யூனிட்.

"கரண்டு சும்மாதானே வருது"ன்னு வீட்டு ஆம்பளைங்க சொல்வாங்க. கரண்டு இலவசம்தான். காயில் எரிஞ்சா திரும்பக் கட்டுறது யார் காசு? தண்ணி இறங்கிப்போய் போரை இன்னும் 100 அடி இறக்குறது யார் காசு? உங்க குழுவோட உள்கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்க, தெரியும்.

செலவில்லாத வேலையை முதல்ல செய்யலாம். கிணத்து மோட்டார் இருக்கிறவங்க டெலிவரி பைப்பைப் பாருங்க. தொட்டிக்கு மேல ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, தண்ணி அருவி மாதிரி கொட்டும். பார்க்க அழகு. ஆனா அந்த ஆறடிக்கும் மோட்டார்தான் முக்கித் தள்ளுது. தொட்டி விளிம்புக்கு மேல அரை அடி போதும். ஃபுட்வால்வ்ல பாசியும் சருகும் அடைச்சிருந்தா எடுத்துச் சுத்தம் பண்ணணும். பைப் மாத்துற நிலை வந்தா ஒரு அளவு பெரிசாப் போடுங்க. ஒடுங்கின பைப்ல உராய்வு அதிகம். ஆட்டோ ஸ்டார்டரைப் போட்டுட்டுத் தூங்கிடாதீங்க. கரண்டு எப்ப வருதோ அப்ப மோட்டார் ஓடும், மடை மாத்த ஆள் இருக்காது.

நெல்லு போடுறவங்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்ல வழி. ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாயோட கீழ்ப்பாதியில ஓட்டை போட்டு வயல்ல புதைங்க, உள்ள இருக்கிற மண்ணை எடுத்துடுங்க. குழாய்க்குள்ள தண்ணி, மண் மட்டத்துக்குக் கீழ அரை அடி இறங்கினதும் பாய்ச்சினாப் போதும். நாத்து நட்டு வேர் பிடிக்கிற வரைக்கும், அப்புறம் பூக்கிற சமயத்துலயும் மட்டும் காயவிடக் கூடாது.

சொட்டுநீர் போட்டவங்ககிட்ட ஒரு வார்த்தை. போட்டதோட வேலை முடியல. ஃபில்டரைக் கழுவணும், லேட்டரல் கடைசி மூடியை அடிக்கடி கழட்டி அழுக்குத் தண்ணியை வெளியேத்தணும். உப்புத் தண்ணி ஊர்கள்ல சொட்டுவான் அடைச்சுக்கும். அடைச்சதும் குழாயைச் சுருட்டி வரப்புல போட்டுட்டுப் பழையபடி வாய்க்கால்ல விடுறது நம்ம பக்கம் நிறைய நடக்குது. எனக்கு அதுதான் வயிறு எரியும்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். நம்ம மாநிலத்துல 5 ஏக்கர் வரைக்கும் உள்ள சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார் கேப்பாங்க. ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு மடை திருப்புறது நாம. சிட்டாவுல இருக்கிற பேரு வேற. எங்க குழுவுல ஒரு அக்கா, வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆச்சு. 80 சென்ட்ல மல்லிகை. பட்டா இன்னும் அவர் பேர்லயே கிடக்கு. மனு கொண்டுபோன இடத்துல, "பட்டாதாரரைக் கூட்டிட்டு வாங்கம்மா"ன்னாங்களாம். எங்கிருந்து கூட்டிட்டு வர்றது? பாம்பு நடமாடுற வரப்புல அவங்க இன்னைக்கும் ராத்திரி தண்ணி கட்டுறாங்க.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாம இறந்த கணவர் சொத்துல பிள்ளைகளோட மனைவிக்கும் பங்கு உண்டு. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாறுதலுக்கு மனுப் போடணும். தனியாப் போனா அலைய விடுவாங்க. குழுவாப் போனா நாற்காலி போடுவாங்க, இது நாம பார்த்ததுதானே.

அதனால ரெண்டு தீர்மானம் கேக்குறேன். ஒவ்வொரு குழுவும் பதிவேட்டோட ஒரு மோட்டார் நோட்டு வைக்கணும்: எந்தப் பயிருக்கு எத்தனை மணி நேரம் ஓடுச்சு, ரிப்பேருக்கு எவ்வளவு ஆச்சு. ரெண்டாவது, நிலத்துல உழைச்சும் பட்டாவுல பேர் இல்லாத உறுப்பினர்களோட பட்டியலை ஊர்வாரியா எடுத்து, கூட்டமைப்பே அவங்களோட போய் மனுக் கொடுக்கணும்.

மனு எழுதத் தெரிஞ்சவங்க எங்க குழுவுல ரெண்டு பேர் இருக்கோம். சாப்பாடு முடிஞ்சதும் புளியமரத்தடியில உட்கார்ந்திருப்போம். சிட்டா நகல் கையில இருந்தா எடுத்துட்டு வாங்க. இல்லாதவங்க சர்வே நம்பரை மட்டும் சொல்லுங்க.