நோட்டுப் புத்தகம் யாரிடம்?

(சாந்திபுரம் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்குவாரிக் கூலி வழக்கில் பாதித் தொகைக்கு ஏன் சம்மதித்தோம் என்று பல குடும்பங்கள் கேட்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். முதலாளியின் பலத்தால் மட்டுமல்ல, நம் அசட்டையாலும் தோற்றோம்.

நாமும் தெலுங்குத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து நடத்திய போராட்டம் அது. பெயர்ப் பட்டியல் நம்மிடம், தமிழில். வேலை நாள் கணக்கு அவர்களிடம், தெலுங்கில். கணக்கு எழுதிய தோழர் பிழைப்புத் தேடிப் பெங்களூர் போனார். நோட்டு அவர்களிடம் பத்திரமாக இருக்கிறதென்று நாம் இருந்தோம்; நம்மிடம் நகல் இருக்கிறதென்று அவர்கள் இருந்தார்கள். தொழிலாளர் அதிகாரி முன் நின்றபோது 4 மாதக் கணக்கைக் காணோம். 17 குடும்பங்களின் வியர்வை, தோழர்களே!

காகிதத்தின் அருமை இந்த மண்ணுக்குத் தெரியாததா? நம் குப்பம் வட்டாரத்தில் ஓடும் பாலாற்றைப் பாருங்கள். 1892-ல் சென்னை ராஜதானியும் மைசூர் சமஸ்தானமும் ஆற்று நீர் பற்றி ஒப்பந்தம் எழுதின. அன்று இவ்வட்டாரம் வட ஆற்காடு ஜில்லா, கங்குந்தி ஜமீன். 1911-ல் சித்தூர் ஜில்லா பிறந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. எழுதிய இரண்டு அரசுகளும் இன்றில்லை. ஆனால் 2006-ல் குப்பம் அருகே கணேசபுரத்தில் ஆந்திரம் அணை கட்ட முனைந்தபோது, தமிழ்நாடு அந்த 1892 காகிதத்தைத்தான் உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றது. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இங்கே வேண்டாம். இரு பக்கத்துத் தண்ணீரையும் குடித்தவர்கள் நாம். காகிதம் இருந்தது, வாதாட முடிந்தது.

ரயில்வேயில் ஒற்றைப் பாதையில் வண்டி விடும்போது இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் ‘பிரைவேட் நம்பர்’ சொல்லிக்கொள்வார்கள். இரு ஸ்டேஷன் ரிஜிஸ்தரிலும் அது ஏறும். டியூட்டி மாறும்போது போகிறவர் டைரியில் எழுத, வருகிறவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். மறந்துவிட்டேன் என்றால் வண்டி மோதும்.

எழுத்தில் ஏறாத விஷயமும் உண்டு. எந்த மேஸ்திரி அரை நாள் குறைத்து எழுதுவான் என்பது தாய்மார்களுக்குத்தான் தெரியும். இத்தனை நாளாக அவர்களை நாம் கேட்கவே இல்லை!

இனி ஆஜர் நோட்டு இரண்டு பிரதி. இரு சங்கத்தாரும் கையெழுத்திட வேண்டும். ஞாயிறுதோறும் இரு மொழியிலும் உரக்கப் படிக்கப்படும். தெலுங்குத் தோழர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நமக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். நம் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளியில்தானே படிக்கிறார்கள்? பத்தாவது முடித்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேஜைக்கு வந்து பெயர் கொடுங்கள். விடுபட்ட 4 மாதத்தில் வேலை செய்த நாட்கள் நினைவில் இருப்பவர்களும் வாருங்கள். இன்றிரவே எழுதத் தொடங்குகிறோம்.