தொடக்கப் பள்ளி ஆசிரியராவது எவ்வாறு?

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



விதைப்புக் காலம் நெருங்கியதும் நீங்கள் விதை வாங்கச் செல்கிறீர்கள். மூட்டையில் நீல நிற அட்டை தைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறீர்கள். அவ்வட்டை இருந்தால் அது சான்று பெற்ற விதை. முளைப்புத் திறனும் இனத் தூய்மையும் சோதித்துப் பார்க்கப்பட்ட விதை. அட்டையில்லாத விதையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அனுபவமுள்ள உழவர் வாங்கத் தயங்குவார். ஒரு போகத்து நெல்லுக்கே இத்தனை எச்சரிக்கை காட்டுகின்ற நாம், நம் குழந்தைகளுக்கு முதலெழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் எத்தகைய சான்று பெற்றிருத்தல் வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டாமா? அச்சான்றைப் பெற விரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகள் எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா? இவ்விரண்டையும் பற்றியே இன்று சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

இச்செய்தியை ஊராட்சி உறுப்பினர்களிடம் கூறுவதற்குக் காரணம் உண்டு. மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், "என் மகள் வாத்தியார் வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள், எங்கே சேர்ப்பது?" என்று பெற்றோர் உங்களைத் தேடி வருகின்றனர். நீங்கள் கூறும் சொல்லை நம்பியே நகையை அடகு வைக்கின்றனர். நிலத்தை ஒத்திக்கு விடுகின்றனர். தவறான படிப்பில் சேர்ந்துவிட்டால் பணம் மட்டுமா போகிறது? இளமையில் இரண்டு மூன்று ஆண்டுகளும் போகின்றன. போன பணத்தை மீண்டும் ஈட்டலாம். போன ஆண்டுகள் திரும்பி வருமா?

சட்டம் கூறுவது

6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமை வழங்கும் சட்டம் 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதாது, தகுதி வாய்ந்த ஆசிரியரும் இருத்தல் வேண்டும் என்பதை அச்சட்டம் தெளிவாக உணர்த்துகிறது. ஆசிரியரின் குறைந்த அளவுத் தகுதியை வகுக்கும் பொறுப்பு, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுமம் 2010 ஆகஸ்டு 23-ஆம் நாள் தகுதிகளை அறிவித்தது. அவ்வறிவிப்பும் பின்னர் வந்த திருத்தங்களுமே இன்று நாம் பின்பற்ற வேண்டிய நெறிமுறை.

முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியரை நம் மாநிலத்தில் இடைநிலை ஆசிரியர் என்று அழைக்கிறோம். அப்பணியை அடைய நான்கு படிகள் உள்ளன. ஒரு படியைத் தாண்டிக் குதித்து அடுத்த படிக்குச் செல்ல முடியாது.

முதற்படி மேல்நிலைக் கல்வி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றுத் தேறியிருத்தல் வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 விழுக்காடு வரை தளர்வு அளிக்கக் குழுமத்தின் அறிவிப்பு இடமளிக்கிறது. சேர்க்கைக்கான சரியான அளவு ஒவ்வோர் ஆண்டும் அரசு வெளியிடும் அறிவிப்பில் காணப்படும். ஆகவே, "தேறினால் போதும்" என்று பிள்ளைகள் எண்ணிவிடாதபடி பதினோராம் வகுப்பிலேயே அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுதல் நலம்.

இரண்டாம் படி ஈராண்டுப் பட்டயம்

அடுத்தது தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. முன்னர் ஆசிரியர் பட்டயப் பயிற்சி என்று வழங்கியது இதுவே. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து நாடெங்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் நிறுவப்பட்டன. நம் மாநிலத்தில் அந்நிறுவனங்களிலும், அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும், ஏற்பிசைவு பெற்ற தனியார் நிறுவனங்களிலும் இப்படிப்பு நடைபெறுகிறது.

இவ்விரண்டு ஆண்டுகளும் நூலை மட்டும் மனப்பாடம் செய்யும் ஆண்டுகள் அல்ல. தேசியக் குழுமம் 2014-இல் வகுத்த விதிகளின்படி ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், வாரத்திற்கு 36 மணி நேரம் பயிற்சி நிறுவனம் இயங்க வேண்டும். மாணவர் 80 விழுக்காடு வருகை தர வேண்டும். பள்ளியில் பெறும் களப் பயிற்சிக்கோ 90 விழுக்காடு வருகை வேண்டும். முதலாண்டில் 4 வாரமும், இரண்டாமாண்டில் 16 வாரமுமாக மொத்தம் 20 வாரம் பள்ளிகளிலேயே பயிற்சி பெற வேண்டும். குழந்தையின் மன வளர்ச்சி, தாய்மொழியும் ஆங்கிலமும் கணக்கும் சூழ்நிலையியலும் கற்பிக்கும் முறை, கலை, உடற்பயிற்சி ஆகியன கற்பிக்கப்படுகின்றன. சேர்ந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் படிப்பை முடித்துவிட வேண்டும் என்பதும் விதி.

இப்பட்டயத்திற்கு மாற்றாக நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டப் படிப்பையும் குழுமம் ஏற்றுக்கொண்டுள்ளது. தில்லிப் பல்கலைக்கழகம் 1994-ஆம் ஆண்டிலேயே அத்தகைய படிப்பைத் தொடங்கியது. எனினும் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டுவது ஈராண்டுப் பட்டயமே.

மூன்றாம் படி தகுதித் தேர்வு

பட்டயம் கையில் வந்துவிட்டது. இனி வேலைதான் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறன்று. ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாளில் தேறுதல் வேண்டும். இத்தாளுக்கு 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும், முதல் மொழி, இரண்டாம் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளுக்கும் தலைக்கு 30 மதிப்பெண். பொதுப் பிரிவினர் 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண் பெற வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அரசாணைப்படி சலுகை உண்டு. அதன் அளவை அவ்வப்போது வெளிவரும் தேர்வு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தேர்வை எளிதாக எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 ஜூலையில் முதன்முறையாக நடந்த தகுதித் தேர்வில் எழுதியவர்களுள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. தேர்ச்சிச் சான்று ஏழாண்டுகளுக்கே செல்லும் என்று முன்னர் இருந்த நிலை மாறிவிட்டது. 2011 முதல் வழங்கப்பட்ட சான்றுகள் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. ஒருமுறை நன்கு முயன்று தேறிவிட்டால், அப்படி என்றும் கைவிட்டுப் போகாது.

நான்காம் படி போட்டித் தேர்வு

தகுதித் தேர்வு என்பது தகுதியைக் காட்டுவது. பணி நியமனத்தை அளிப்பதன்று. 2018-ஆம் ஆண்டு அரசாணையின்படி, அரசுப் பள்ளிப் பணிக்குத் தகுதித் தேர்வில் தேறியோர் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். இதனை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. இவ்வகையில் இடைநிலை ஆசிரியர் பணிக்கான தேர்வு 2024 ஜூலையில் நடைபெற்றது. காலியிடங்களுக்கு ஏற்பவே தேர்வு அறிவிக்கப்படும். ஆண்டுதோறும் வரும் என்று கூற இயலாது. பட்டயமும் தகுதியும் பெற்றுக் காத்திருப்போர் பலர் உள்ளனர். இந்த உண்மையைப் பெற்றோருக்கு மறைக்காமல் சொல்வது நம் கடமை. குழந்தைகளிடத்தில் அன்பும், பொறுமையும், கற்பிப்பதில் நாட்டமும் உடைய பிள்ளையே இவ்வழியில் செல்ல வேண்டும். வேறு இடம் கிடைக்கவில்லையே என்பதற்காக ஒருவரை இதில் தள்ளிவிடுதல் அப்பிள்ளைக்கும் நன்றன்று. நாளை அவரிடம் படிக்கப் போகும் குழந்தைகளுக்கும் நன்றன்று.

பெரிய பட்டம் போதாதா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். "பட்டயத்தைவிடப் பெரிய படிப்பல்லவா கல்வியியல் பட்டம்? பட்டம் பெற்று, அதன்மேல் கல்வியியலும் படித்தவர் ஐந்தாம் வகுப்புக்குக் கற்பிக்கக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. இந்த ஐயத்தால் ஏமாந்தவர் பலர். 2018 ஜூனில் தேசியக் குழுமம் கல்வியியல் பட்டதாரிகளையும் தொடக்க வகுப்புகளுக்கு நியமிக்கலாம் என்றும், அவர்கள் பின்னர் ஆறு மாதப் பயிற்சி பெற வேண்டும் என்றும் அறிவித்தது. அவ்வறிவிப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 11-ஆம் நாள் தள்ளிவிட்டது. தொடக்கக் கல்வி உரிமை என்பது தரமான கல்விக்கான உரிமை. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறையில் தனிப் பயிற்சி பெற்றவரே அவ்வகுப்புகளுக்கு ஏற்றவர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

உழவர்களாகிய உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நாற்றங்காலைப் பேணுவது ஒரு கலை. நடவு வயலைப் பேணுவது வேறொரு கலை. நடவு வயலில் கெட்டிக்காரர் என்பதனாலேயே நாற்றங்காலில் தண்ணீரைப் பெருக்கி விட்டால் நாற்று அழுகிப் போகும். உயர்நிலை வகுப்பில் பாடத்தைச் சொல்வதற்குப் பாட அறிவு மிகுதியாக வேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தைக் காட்டுவதற்கோ, குழந்தையை அறியும் அறிவு வேண்டும். அழும் குழந்தையை அமர்த்தவும், புளியங்கொட்டையைக் கொண்டு கூட்டலைக் கற்பிக்கவும், வீட்டுப் பேச்சிலிருந்து நூலின் தமிழுக்கு அழைத்துச் செல்லவும் தனிப் பயிற்சி தேவை. ஆகவே, ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் பட்டயப் படிப்பில் சேர வேண்டும். கல்வியியல் பட்டம் மேல் வகுப்புகளுக்கு உரியது. இவ்வொன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூட இன்றைய கூட்டம் பயனுடையதாகும்.

ஏற்கெனவே பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் தகுதித் தேர்வு உண்டா என்று சிலர் கேட்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் முதல் நாள் வழங்கிய தீர்ப்பில், ஓய்வு பெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று கூறியது. ஐந்தாண்டுகளுக்குக் குறைவாக உள்ளோர் பணியில் தொடரலாம். ஆயினும் தேர்ச்சியின்றிப் பதவி உயர்வு பெற இயலாது. இதிலிருந்து இத்தேர்வைச் சட்டம் எவ்வளவு இன்றியமையாததாகக் கருதுகிறது என்பது விளங்கும்.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

முதலாவதாக, சேரும் நிறுவனம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பிசைவு பெற்றதா என்று பார்க்க வேண்டும். குழுமத்தின் இணையதளத்தில் இதனைக் காணலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் நேரில் கேட்டும் அறியலாம். கட்டடத்தின் அழகையும் விளம்பரத்தின் வண்ணத்தையும் கண்டு மயங்க வேண்டாம்.

இரண்டாவதாக, "வகுப்புக்கு வர வேண்டாம்; தேர்வு எழுதினால் போதும்; வேறு மாநிலத்துச் சான்று வாங்கித் தருகிறோம்" என்று கூறும் தரகரை ஊருக்குள் விடாதீர்கள். 20 வாரம் பள்ளியில் பயிற்சி பெறாதவருக்கு ஆசிரியர் சான்று எங்கிருந்து வரும்? 18 மாதப் படிப்பு ஒன்றைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது பயிற்சி பெறாமலேயே பணியாற்றி வந்த ஆசிரியர்களுக்காக 2017-இல் அளிக்கப்பட்ட ஒரு வாய்ப்பு. புதிதாகப் படிக்க வருவோருக்கு உரியதன்று.

மூன்றாவதாக, அரசு நிறுவனத்தில் இடம் கிடைக்குமா என்பதை முயன்று பார்த்த பின்னரே தனியார் நிறுவனத்தை நாட வேண்டும். அரசு நிறுவனங்களில் கட்டணம் குறைவு. ஏழை உழவரின் மகளும் கடனின்றிப் படித்து முடிக்கலாம்.

ஊராட்சியின் பங்கு

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் மே மாதத்தில் வெளிவருவது வழக்கம். மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. அச்சபையில் கால் மணி நேரம் ஒதுக்கி, நான் கூறிய நான்கு படிகளையும் ஊர் மக்களுக்கு எடுத்துரைக்கலாம். உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியரை அழைத்துப் பேசச் செய்தால் இன்னும் சிறப்பு. ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதி வைக்கலாம்.

களப் பயிற்சிக்காக மாணவ ஆசிரியர்கள் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வருவார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். பேருந்து வசதி இல்லாத ஊரானால், அவர்கள் பாதுகாப்பாக வந்து போகவும், தேவையானால் தங்கவும் ஏற்பாடு செய்து கொடுங்கள். நல்ல முறையில் நடத்தப்பட்டவர் நாளை கிராமத்துப் பள்ளியில் பணியாற்ற மனமுவந்து வருவார்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் சட்டம் இடமளித்திருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியரும், 90 வரை மூவரும், 120 வரை நால்வரும் வேண்டும் என்பது சட்டத்தின் அளவு. உங்கள் பள்ளியில் அந்த அளவு இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் குழுவில் தீர்மானம் இயற்றி உரிய அலுவலருக்கு அனுப்புங்கள். காலியிடம் கேட்டுப் பெறப்பட்டால்தான் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும்; கற்கும் குழந்தைகளுக்கும் ஆசிரியர் கிடைப்பர்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர் நம் முன்னோர். அந்த ஐந்து வயதில் நம் குழந்தையின் கையைப் பிடித்து எழுதச் செய்பவர் தொடக்கப் பள்ளி ஆசிரியர். அவர் நம் ஊர் மகளாகவோ மகனாகவோ இருந்தால் நமக்குப் பெருமை. முறைப்படி பயின்று, முறைப்படி தேறி, நேர்மையான வழியில் அந்த நாற்காலியில் அமர்ந்தவராக இருந்தால் பெருமையோடு நன்மையும் சேரும். வருகின்ற கல்வியாண்டில் உங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளையேனும் சரியான பயிற்சி நிறுவனத்தில் சேரும்படி வழிகாட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.