ஆரோக்கியம் வீட்டிலும் பள்ளியிலும் தொடங்குகிறது
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் மருத்துவன் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, மளிகை வியாபாரம் செய்பவன். ஆனால், யார் எதை வாங்குகிறார், ஏன் அதை வாங்குகிறார் என்பதைத் தினமும் பார்ப்பவன். அந்த உரிமையில் சில வார்த்தைகள் பேசுகிறேன்.

கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து வந்த நம் முன்னோர் பலர் தஞ்சோங் பகார் வட்டாரக் கடைவீடுகளில் குடியிருந்தார்கள். சிங்கப்பூரின் சுகாதார நிலை பற்றிப் பேராசிரியர் சிம்சன் 1907இல் தந்த அறிக்கை, வெளிச்சமும் காற்றும் இல்லாத தடுப்பறைகளில் நெருக்கியடித்து வாழ்வதே காசநோய் பரவுவதற்குப் பெரிய காரணம் என்றது. அந்த நோய்க்கு நல்ல மருந்து 1940களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, மருந்து வருமுன்பே, வீடு நோயைத் தரும் என்பது தெரிந்திருந்தது.

1960இல் இங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 35 பேர் ஒரு வயதை எட்டவில்லை. இன்று அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 2. இது மருத்துவமனைகள் மட்டும் செய்த சாதனை அல்ல. அதே 1960இல் தொடங்கிய வீவகவின் காற்றோட்டமான வீடுகள், குழாய்த் தண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி, பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைகள், எல்லாம் சேர்ந்து செய்தவை.

1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் பெரியவர்கள் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கினார்கள். அதைக் கல்விப் பணி என்றுதான் சொல்கிறோம். படித்த தாய் மருந்துப் புட்டியில் உள்ள அளவை வாசிப்பார். தடுப்பூசித் தேதியை நினைவில் வைத்திருப்பார். ஆகவே பள்ளிக்குக் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியும் ஆரோக்கியத்துக்கும் கொடுத்த வெள்ளிதான்.

அன்று காசநோய், இன்று நீரிழிவு. 2016இல் அரசாங்கம் அதன்மீது போர் தொடுத்தது. நம் இந்தியச் சமூகத்தில் இந்நோய் அதிகம். “வாயைக் கட்டத் தெரியாதவர்கள்” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்பவருக்குக் கைக்கெட்டுவது பரோட்டாவும் தே தாரிக்கும்தான். நாட்சம்பளக்காரர் பரிசோதனைக்குப் போனால் அன்றைய வருமானம் போய்விடும். பரிசோதனை இலவசம் என்றாலும் அந்த நாள் அவருக்கு இலவசம் அல்ல.

படிப்பு எப்படி உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். ஊரில் வெறும் வயிற்றுச் சர்க்கரையை 126 என்று சொல்வார்கள். இங்கே அதே அளவை 7 என்று சொல்கிறோம். இரண்டுமே நீரிழிவின் எல்லைக்கோடு. இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க் கணக்கு வந்துவிடும். இது தெரியாதவர், “ஊரில் அண்ணனுக்கு 126, எனக்கு வெறும் 7தான்” என்று நிம்மதியாக இருந்துவிடுவார். அந்த நிம்மதி கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பறித்துவிடும். பானங்களில் உள்ள தரக்குறியீடும் அப்படித்தான். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அது ‘டி’ தரம். எழுத்து தெரிந்தால் போதாது. அதன் பொருளும் தெரியவேண்டும்.

எனவே, மூன்று வேண்டுகோள்கள். என்னைப்போன்ற முதலாளிமார்களே, ஊழியர் பரிசோதனைக்குப் போக ஆண்டுக்கு அரைநாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள்; சரக்கில் வரும் நட்டத்தைவிட அது சிறிய தொகை. இளையர்களே, ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் அத்தா, அம்மா, நன்னாவைப் பதிந்துவிட்டு, முடிவுத் தாளைத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். சங்க நிர்வாகிகளே, நம் விருந்துகளில் பண்டோங்குக்குப் பக்கத்தில் குடிதண்ணீரையும் வையுங்கள். படிப்பு உதவிநிதியைத் தாய்மார்களின் வகுப்புகளுக்கும் விரிவாக்குங்கள்.

ஐம்பது ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் படிக்கவைத்த சங்கம் இது. படித்த பிள்ளைகள் இனி நம் பெரியவர்களின் உடல்நலத்தைக் காக்கட்டும். வஸ்ஸலாம்.